கல்லுப்பட்டி மோட்டார் ரூமில் நான்கு போர்பன்

கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர் பதினோரு வருடம் கழித்துச் சேர்ந்த பயணம் இது. ஒருவன் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் இருக்கிறான். இன்னொருவன் துபாய்க்காரன். நான் சென்னை. ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கம் இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் அவர்கள் இருவரும் இரண்டிரண்டு பாட்டில் போர்பன் விஸ்கி கொண்டுவருவது, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்ப்பது, எது கொடுத்த காசுக்குத் தகும் என்று முடிவு செய்வது என்று பேசி வைத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் இரவில் நோட்டில் எழுதியதைத்தான் இங்கே போடுகிறேன்.

பிப்ரவரி 13, 2025, வியாழன் – மதுரை

காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கியிருக்க வேண்டும். பஸ் விராலிமலை தாண்டியதும் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டது, மாற்று வண்டி வருகிறது என்றார்கள். வரவே இல்லை. ஏழரை மணிக்கு வெயில் ஏற ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் மேலூர் போகும் ஓர் அம்மா இருந்தார். பையைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதத்தை எடுத்தவர், மூடியில் எனக்கும் ஒரு பங்கு வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டார். வேண்டாம் என்றதற்கு, "பசிச்ச புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்பிடித் திங்கிறது?" என்று கேட்டார். கடைசியில் திருச்சியிலிருந்து வந்த அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, பன்னிரண்டு மணிக்கு மதுரை மண்ணை மிதித்தேன். முதல் டிக்கெட் பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

துபாய்க்காரன் முந்தின நாளே வந்து ரயில் நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்திருந்தான். குளித்துவிட்டு நேராக விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சின்ன கிளாஸ் 50 ரூபாய். அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. குடித்து முடித்த பிறகும் அந்த நன்னாரி வாசனை நாக்கின் அடியில் வெகுநேரம் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு விஸ்கியை மோந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம். நேற்று முன்தினம்தான் தைப்பூசத் தெப்பம் முடிந்திருக்கிறது. குளத்தில் தண்ணீர் இருந்தது, படிகளில் கூட்டமும் இருந்தது. காற்று நன்றாக வந்தது. கடலைக்காரர் 20 ரூபாய்க்கு வறுத்த கடலை கொடுத்துவிட்டு, கையில் சூடு தாங்காது என்று இன்னொரு தாளைச் சுற்றித் தந்தார்.

இரவு கறி தோசை, கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு. மூன்றிலும் மிளகும் சீரகமும் முன்னே நிற்கின்றன. சென்னையில் இதே பெயரில் கிடைப்பதில் எண்ணெய்தான் முன்னே நிற்கும். இருவருக்கும் சேர்த்து 640 ரூபாய். இந்த ஊர் உணவுக்குப் பக்கத்தில் ஒரு விஸ்கி தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வி அங்கே, அந்த இலைக்கு முன்னால்தான் எனக்கு வந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி – டி.கல்லுப்பட்டி

திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் சாலையில் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. கரிசல் மண், வேலி ஓரம் வேலிக்கருவை, மேற்கே மலை. சாலையின் ஒரு பக்கம் முழுக்க மக்காச்சோளத்தைக் காயப் போட்டிருந்தார்கள். புரட்டாசி மழைக்கு விதைத்தது, தை மாசியில் கைக்கு வருகிறது. கார் ஓட்டிய தம்பி ஓரிடத்திலும் மணியின் மேல் சக்கரம் ஏற்றவில்லை. எதிரே லாரி வந்தபோது நிறுத்தி ஒதுங்கினார். "அவுக ஆறு மாச உழைப்புண்ணே" என்றார்.

இந்த மஞ்சள் மணிதான் எங்கள் பயணத்தின் பொருள் என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போர்பன் என்றால் நம்மில் பலருக்கு பிஸ்கட்தான் ஞாபகம் வரும். விஸ்கியில் அது அமெரிக்காவின் சொத்து. அந்தப் பெயரை வேறு நாட்டில் செய்ததற்குப் போடக் கூடாது என்று 1964-லேயே அவர்கள் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் மரப் பாத்திரத்தில்தான் ஊற வைக்க வேண்டும். ஒருமுறை பிடித்த பீப்பாயை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பலவற்றில் இருப்பது கரும்புச் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் என்ற கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட். அதைக் குடித்துப் பழகிய நாக்குக்கு போர்பன் வேறு உலகம்.

வீட்டில் நண்பனின் பெரியப்பாவும் பெரியம்மாவும். பெரியப்பா ஐந்து ஏக்கர் மக்காச்சோளக்காரர், குடிப்பழக்கம் இல்லாதவர். வந்த காரியத்தை நண்பன் மறைக்காமல் சொன்னான். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வீட்டுக்குள்ள வேணாம்யா. தோட்டத்து மோட்டார் ரூம்ல வச்சுக்கோங்க. அளவா இருந்துட்டு ஒன்பது மணிக்குள்ள சாப்பிட வந்துரணும்" என்றார். இரண்டு நாளும் அந்தச் சொல்லை மீறவில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதல் இழப்பு. தக்கை போட்ட பேசில் ஹேடன் என்ற போர்பன் பாட்டில் பெட்டியில் படுத்தபடியே வந்திருக்கிறது. கால்வாசி கசிந்து, நண்பனின் இரண்டு சட்டையும் பெரியப்பாவுக்கு வாங்கிய ஸ்வெட்டரும் நனைந்திருந்தன. நான்கில் அதுதான் விலை அதிகம். தக்கை போட்ட பாட்டிலை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், மூடியைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கிளாஸ் வாங்க கடைவீதிக்குப் போனோம். எவர்சில்வர் டம்ளரில் ருசி பார்க்க எங்களுக்கு மனமில்லை. பாத்திரக் கடையில் டீ கிளாஸ் பன்னிரண்டு கேட்டோம், ஒன்று 15 ரூபாய். கடைக்காரர் "டீக்கடை போடப் போறீகளா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் முன்பே, "புதுக் கடைக்கு என் சார்புல ஒண்ணு" என்று பதின்மூன்றாவதையும் கட்டிக் கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

சரி, நான்கு பாட்டில்கள். துபாயில் வாங்கியது ஜிம் பீம் வெள்ளை லேபிள், ஒரு லிட்டர், 19 டாலர், சாராய அளவு 40 சதவீதம். அதே கடையில் மேக்கர்ஸ் மார்க் ஒரு லிட்டர், 36 டாலர், 45 சதவீதம். லூயிவில்லில் வாங்கியது ஒயில்ட் டர்க்கி 101, 750 மி.லி., 26 டாலர், 50.5 சதவீதம். அப்புறம் அந்தக் கசிந்த பேசில் ஹேடன், 750 மி.லி., 45 டாலர், 40 சதவீதம். டாலர் 87 ரூபாய் கணக்கில் 30 மி.லி. ஒரு ஸ்மால் என்று வைத்தால் ஜிம் பீம் 50 ரூபாய், ஒயில்ட் டர்க்கி 90, மேக்கர்ஸ் 94, பேசில் ஹேடன் 157.

அளப்பதற்கு இருமல் மருந்து மூடி. ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மி.லி., மொத்தம் இரண்டு ஸ்மால். அதற்கு மேல் ஊற்றினால் நாக்கு சொல்வதை நம்ப முடியாது.

முதல் நாள் லேபிளைப் பார்த்தபடியே ராவாகக் குடித்தோம். மூவருமே பேசில் ஹேடனைத்தான் தலையில் தூக்கி வைத்தோம். "பட்டு மாதிரி இறங்குது" என்று நான் சொன்னது நோட்டில் இருக்கிறது. விலை தெரிந்து குடித்தேன் என்பதையும் சேர்த்து எழுதி வைத்தேன்.

இரவுச் சாப்பாடு கம்பங்களி, கருவாட்டுக் குழம்பு. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே உட்கார்ந்துவிட்டோம். இரவு நல்ல குளிர். போர்வை தேவைப்பட்டது.

பிப்ரவரி 15, சனி – டி.கல்லுப்பட்டி

விடியற்காலையில் பனி இறங்கியிருந்தது. டீக்கடையில் டீ 12 ரூபாய், உளுந்த வடை 8. செய்தித்தாளைப் பிரித்தால் போர்பன். இந்தியா அதன் இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்திருக்கிறது, மற்ற நாட்டு விஸ்கிகளுக்கு அதே 150 தொடர்கிறது. நாங்கள் அதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கும் ஊரில், அதே வாரத்தில் இந்தச் செய்தி. பக்கத்தில் இருந்த பெரியவர், "அப்ப நம்ம கடையில விலை குறையுமா?" என்று கேட்டார். நண்பன் பொறுமையாகச் சொன்னான்: "துறைமுகத்துல போடுற வரிதான் குறையுது ஐயா. அதுக்கு மேல மாநில வரி, கடை லாபம் எல்லாம் அப்படியே இருக்கு. மூணுல ஒரு பங்கு வரி போச்சுன்னு பாட்டில் விலையும் அதே அளவு குறையாது." பெரியவர் தலையாட்டிவிட்டு எங்கள் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

பத்து மணிக்கு காந்தி நிகேதன் ஆசிரமம். 1940-ல் தொடங்கியது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசி வருடங்களை இங்கேதான் கழித்தார். மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு கிராமத்தில் விளைந்தது அந்தக் கிராமத்துக்கே பயன்பட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர். நாங்கள் வந்திருக்கும் காரியத்தை நினைத்தபோது மனம் கொஞ்சம் கனத்தது.

மதியம் களத்தில் பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தோம். கதிரடிக்கும் இயந்திரத்தின் தூசி மூக்கில் ஏறியது. வியாபாரி கிலோவுக்கு 23 ரூபாய் தருகிறார். இந்த வருடம் அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,225. அதைவிடச் சற்று மேல். பெரும்பாலும் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இவரையும் விடவில்லை. ஒரு வருடம் பாதி விளைச்சல் போனதாகச் சொன்னார்.

அப்புறம் அவராகவே கேட்டார்: "நீங்க கொண்டாந்த பாட்டில்ல எவ்வளவு சோளம் இருக்கும்?"

நண்பன் கென்டக்கியில் வடிசாலைகளைச் சுற்றிப் பார்த்தவன். களத்து மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டான். ஒயில்ட் டர்க்கி பாட்டில் ஒன்றுக்கு, பீப்பாயில் ஆவியாகப் போவதையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தானியம். அதில் முக்கால் பங்கு மக்காச்சோளம், மீதி ரை என்ற தானியமும் முளைகட்டிய பார்லியும். ஆக, சோளம் ஒரு கிலோ.

"அப்ப இருவத்திமூணு ரூவா" என்றார் பெரியப்பா. பாட்டில் 2,262 ரூபாய் என்று நண்பன் சொன்னான். அவர் கோபப்படவில்லை. "மத்ததெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. புது மரம், ஆறு முதல் எட்டு வருடம் கிட்டங்கியில் காத்திருப்பது, அந்த வருடங்களில் காற்றில் போய்விடும் பங்கு, ஒவ்வொரு கட்டத்திலும் வரி. ஒவ்வொன்றாகச் சொன்னோம். "காத்திருக்கதுக்குத்தான் காசு போல" என்றார். அவர் காத்திருப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் இரண்டாம் சுற்று. இந்த முறை லேபிள் தெரியக் கூடாது. பெரியம்மாவிடம் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி, கிளாஸ் அடியில் சிவப்பு, பச்சை, கறுப்பு, மெரூன் என்று ஒட்டினோம். ஊற்றியது பக்கத்து வயல் தம்பி. எது எது என்று அவர் மட்டும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் வெறும் வயிற்றில், ராவாக.

சிவப்புப் பொட்டில் வறுத்த கடலைத் தோல் வாசனை, கொஞ்சம் பச்சைச் சோளம், சீக்கிரம் முடிந்துவிடும் இனிப்பு. கறுப்பில் பால் சுண்டும் வாசனை, பன்னின் மேல்தோல், உறுத்தலே இல்லாத இறக்கம். மெரூனில் மெல்லிய மிளகு, டீத்தூள், தேன் போல ஏதோ ஒன்று. ஆனால் வாயில் வைத்த நிமிடமே தண்ணீர் போல ஓடிவிடுகிறது. பச்சைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. மூக்கில் கருப்பட்டிப் பாகு கொதிக்கும் வாசனை, பின்னால் கிராம்பு, கருகிய தேங்காய்ச் சிரட்டை. வாயில் எரிச்சல் உண்டு, மறைக்க மாட்டேன். அந்த எரிச்சல் அடங்கும்போது கருப்பட்டி மறுபடி வருகிறது. வியாழக்கிழமை ஜிகர்தண்டாவின் நன்னாரி போல நாக்கின் அடியில் நிற்கிறது.

நானும் துபாய்க்காரனும் கறுப்பை முதலில் வைத்தோம், பச்சை இரண்டாவது. கல்லுப்பட்டிக்காரன் பச்சையை முதலில். சிவப்பையும் மெரூனையும் மூவருமே மூன்றிலும் நான்கிலும் மாற்றி மாற்றி வைத்தோம்.

அப்போது மின்சாரம் போய்விட்டது. போன் வெளிச்சத்தில் தண்ணீர் கலந்து பார்க்கலாம் என்று துபாய்க்காரன் மோட்டார் குழாயிலிருந்து பச்சைக் கிளாஸில் கொஞ்சம் விட்டான். சிறிது நேரத்தில் விஸ்கியின் பொன் நிறம் மங்கி, சாம்பல் பூத்தது போல ஆகிவிட்டது. பயந்துவிட்டோம். காரணம் அந்தத் துருப்பிடித்த குழாயில் நின்ற தண்ணீர். பீப்பாய் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வழியில்தான். கென்டக்கியில் விஸ்கித் தொழில் வேரூன்றியதற்கு அந்த மண்ணின் சுண்ணாம்புக்கல் ஒரு காரணம் என்பார்கள். அதன் வழியே வரும் தண்ணீரில் இரும்பு இருக்காது. படித்திருந்த விஷயம்தான், கல்லுப்பட்டி போர் தண்ணீர்தான் கண்ணில் காட்டியது. அந்தக் கிளாஸைக் கொட்டிவிட்டு கேன் தண்ணீருக்கு மாறினோம்.

பிறகு சாப்பாட்டோடு. பெரியம்மா மட்டன் சுக்காவும் குடல் வறுவலும் செய்து தூக்குவாளியில் அனுப்பியிருந்தார். சின்ன வெங்காயம், வரமிளகாய், நல்லெண்ணெய், மேலே இடித்த மிளகு. ஒரு வாய் சுக்கா, ஒரு சொட்டு விஸ்கி.

இங்கேதான் எல்லாம் தலைகீழானது. மெரூன் காணாமல் போய்விட்டது. சுக்கா சாப்பிட்ட வாயில் அதை விட்டால் லேசான சூடு மட்டும் தெரிகிறது, வேறொன்றும் இல்லை. சிவப்பும் அப்படியே. கறுப்பின் பால் வாசனை மிளகுக்கு அடியில் புதைந்தது. இனிப்பு மட்டும் தனியாக, ஒட்டாமல் நின்றது. பச்சை மட்டும் சுக்காவோடு சேர்ந்துகொண்டது. அதன் கிராம்பும் கருகலும் சட்டியின் அடிப்பிடிப்போடு கலந்து, இரண்டும் ஒரே அடுப்பில் ஆனது போல இருந்தது. மூவரும் தனித்தனியாக எழுதிக் காட்டினோம். மூன்று தாளிலும் பச்சை.

தம்பி பையிலிருந்து தாளை எடுத்தார். பச்சை ஒயில்ட் டர்க்கி. கறுப்பு மேக்கர்ஸ் மார்க். சிவப்பு ஜிம் பீம். நேற்று நான் பட்டு என்று சொன்ன பேசில் ஹேடன்தான் மெரூன்.

எனக்கு அது வலித்தது. நாக்கில் இருந்தது எது, விலைச்சீட்டில் இருந்தது எது என்று நேற்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பேசில் ஹேடனும் ஜிம் பீமும் ஒரே குடும்பத்துச் சரக்கு. பேசில் ஹேடனில் ரை அதிகம், மிளகு அதிலிருந்துதான் வருகிறது. முன்பு எட்டு வருடம் என்று லேபிளில் போட்டிருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். வாசனை நல்ல வாசனைதான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 40 சதவீதத்துக்குத் தண்ணீர் விட்டு இறக்கியதில் அதன் உடம்பு போய்விட்டது. மூன்று மடங்கு விலை கொடுக்க அதில் ஒன்றுமில்லை.

ஒயில்ட் டர்க்கியில் அந்தத் தண்ணீரை நமக்கு வேண்டிய அளவு நாமே விட்டுக்கொள்ளலாம். 50.5-லிருந்து 40 வரை இறக்கினால் 750 மி.லி. பாட்டில் ஏறக்குறைய 947 மி.லி. ஆகும். அப்போது ஸ்மால் 72 ரூபாய். அதே கணக்கில் மேக்கர்ஸ் 84. பாட்டிலில் எழுதிய விலையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

பெரியப்பா ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்களைக் கூப்பிட டார்ச்சோடு வந்தார். பச்சைக் கிளாஸை எடுத்துக் குடிக்காமல் மோந்து பார்த்தார். "கருப்பட்டி காய்ச்சுற கொட்டகை வாடை" என்றார். நாங்கள் அரை மணி நேரம் தேடிய வார்த்தை.

பிப்ரவரி 16, ஞாயிறு – ஸ்ரீவில்லிபுத்தூர்

கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் இன்று யாரும் பாட்டிலைத் தொடவில்லை. பெரியம்மா கேட்காமலே நாங்கள் எடுத்த முடிவு.

ஆண்டாள் கோயில் கோபுரத்தை சாலை வளைவிலேயே பார்த்துவிடலாம். ஞாயிறு கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணை முன்னே விட்டார். அவரைப் பார்த்து அடுத்தவரும், அடுத்தவரும் விட்டார்கள். பத்து நிமிடத்தில் அந்தப் பெண் வரிசையின் தலைக்குப் போய்விட்டார். வெயில் அதற்குள் கடுமையாகிவிட்டது. கல் தரையில் கால் வைக்க முடியாமல் ஓடினோம்.

பால்கோவா கிலோ 360. கடையின் பின்கட்டில் கிண்டுவதைப் பார்க்க அனுமதி கேட்டதும் உள்ளே விட்டார்கள். முந்திரித் தோடு எரியும் அடுப்பு, அகலமான இரும்புச் சட்டி, பாலும் சர்க்கரையும் மட்டும். ஒருவர் கை நிற்காமல் துடுப்புப் போட்டார். ஓரத்தில் பால் லேசாக நிறம் மாறும்போது எழுந்த வாசனையில் துபாய்க்காரன் என் முகத்தைப் பார்த்தான். நேற்றைய கறுப்புப் பொட்டு.

மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் செங்கோதுமை போடுகிறார்கள், அதனால் மிளகுக் காரம் இல்லை. இனிப்பு மரத்திலிருந்து வருவது. ஓக் மரத்துக்குள்ளேயே ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. தீயில் கருக்கும்போது அது கேரமல் ஆகிறது, வனிலா வாசனையும் அதே மரத்திலிருந்து பிரிகிறது. கோடையில் சாராயம் மரத்துக்குள் ஏறி, குளிரில் இறங்கி, அதை இழுத்துக்கொண்டு வருகிறது. ஒயில்ட் டர்க்கி பீப்பாயை முதலைத் தோல் போல வெடிக்கும் வரை கருக்குகிறார்கள். அதுதான் பெரியப்பா சொன்ன கொட்டகை வாடை.

மேக்கர்ஸைப் பற்றி இன்னொன்று. 2013-ல் சரக்கு தட்டுப்பாடு என்று 45-ஐ 42 சதவீதமாகக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். குடிக்கிறவர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். மூன்று சதவீதத்துக்கு அவ்வளவு சண்டையா என்று அப்போது நினைத்திருந்தேன். சுக்காவுக்கு முன்னால் 40 சதவீத விஸ்கி இரண்டும் காணாமல் போனதைப் பார்த்த பிறகு, அந்தச் சண்டை நியாயம் என்று தோன்றுகிறது.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. பைக்கில் வந்த ஒருவர் நின்று, டயரை மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை போய் ஒட்டிக்கொண்டு வந்தார். பஞ்சர் கூலி 150 மட்டும் வாங்கிக்கொண்டார், பெட்ரோலுக்குக் கொடுத்ததைத் தொடவில்லை. பால்கோவா பொட்டலம் ஒன்றை அவர் பைக் பையில் வைத்தோம்.

பிப்ரவரி 17, திங்கள் – கிளம்பியது

மிச்சம் இருந்ததைப் பிரித்துக்கொள்ளும் பேச்சு வந்தது. துபாய்க்காரன் மேக்கர்ஸ் கேட்டான், சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் குடிக்க அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சாப்பாடு பக்கத்தில் இல்லாவிட்டால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஜிம் பீமை சோடாவும் கடலையும் வைத்துக் குடிக்கலாம், 50 ரூபாய்க்கு அது நேர்மையான சரக்கு. பேசில் ஹேடனை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அதை வாங்கிய கல்லுப்பட்டிக்காரனே எடுத்துக்கொண்டான். ஒயில்ட் டர்க்கியிலும் மிச்சம் இருந்தது. அடுத்த முறை மூவரும் சேரும்போது திறப்பது என்று அதை மோட்டார் ரூம் பரணில் நிமிர்த்தி வைத்து, மூடியில் டேப் சுற்றினோம். பெரியப்பாவே ஸ்டூல் பிடித்தார்.

டீ கிளாஸ்களைக் கொதிநீரில் கழுவி பெரியம்மாவிடம் கொடுத்தேன். அதில் ஐந்தை எடுத்து அங்கேயே காபி ஊற்றினார். கருப்பட்டிக் காபி. குடித்து முடித்துத் திருப்பிப் பார்த்தேன். என் கிளாஸின் அடியில் பச்சைப் பொட்டு அப்படியே ஒட்டியிருந்தது.